மச்சினன் பங்க்கில் போட்ட பெட்ரோல்

செருப்பைக் கழட்ட வேண்டாங்க சார், அப்படியே வாங்க. இந்தச் சேர்ல உக்காருங்க, இதுல உக்காந்தாத்தான் ஃபேன் காத்து மேல படும். ஈரோட்டுலருந்து இந்த வெயில்ல அந்தியூர் வரைக்கும் வந்திருக்கீங்க, பாவம். தெய்வானை, சாருக்கு மோர் கொண்டா. எண்ணெய்க் கம்பெனியிலருந்து வந்திருக்காரு. நான் குடுத்த புகாருக்கு விசாரணை.

பதில் வராதுங்க. மோர் வந்துரும், பதில்தான் வராது. நாப்பது நாளா என்ற சம்சாரம் என்கிட்டப் பேசறதில்லை. சோறு போடுவா, வேட்டி துவைச்சு வெப்பா, வாயைத் தொறக்க மாட்டா. அதையும் எழுதிக்கங்க, பாதிப்புன்னு ஒரு பகுதி இருக்கும்ல உங்க ஃபாரத்துல.

என்ற பேரு சென்னியப்பன். அரசு மேல்நிலைப் பள்ளியில கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டெண்டா முப்பத்தோரு வருஷம் இருந்தவன். வாத்தியாருங்க வருவாங்க, மாத்தலாகிப் போவாங்க. லேப்புக்கு நாந்தான். இதை எதுக்குச் சொல்றேன்னா, நாளைக்கு எவனாச்சும் இந்தாளுக்கு பெட்ரோலைப் பத்தி என்ன தெரியும்னு கேட்டுறக் கூடாது.

முதல்லயே ஒண்ணு சொல்லிப்புடறேன் சார். அந்த பங்க் நடத்தற ஈஸ்வரமூர்த்தி இருக்கானே, அவன் தெய்வானையோட கூடப் பொறந்த தம்பி. எனக்கு மச்சினன், என்ற மகளுக்குத் தாய்மாமன். புகார் குடுத்தவனும் எதிராளியும் ஒறம்பரைன்னா உங்க ஆபீஸ்ல என்னமோ சொத்துத் தகராறுன்னு நெனச்சுக்குவாங்க. அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. தங்கமான பையன். எனக்கு அவன் மேல ஒரு வருத்தமும் கிடையாது. அவன் பெட்ரோல் மேலதான்.

மகளுக்கு ஆவணி இருபத்தேழு கல்யாணம். இன்னும் பத்தொம்பது நாள் இருக்குது. பத்திரிகை அடிச்சு வந்து அந்த அலமாரியில கட்டுக் கட்டா இருக்குது பாருங்க. எங்க பக்கத்துல குலதெய்வத்துக்கு அடுத்த பத்திரிகை தாய்மாமனுக்குத்தான். அவனுக்குத் தட்டுல வெச்சுக் குடுத்தப்பறந்தான் மத்தவங்க வீட்டு வாசல் மிதிக்கோணும். அவனுக்கே இன்னும் வெக்கலை, அதனால ஊருக்கே வெக்கலை. ஏன் வெக்கலைங்கறீங்களா? கேஸ் நடக்கறப்ப எதிராளிக்கு எப்படிங்க பத்திரிகை வெக்கறது? நாளைக்கு நீங்களே கேப்பீங்க, புகாரும் குடுத்துட்டுப் பாக்கும் வெத்தலையும் வெச்சியான்னு.

மக பிரதீபா வேற ஒரே புடியா நிக்கறா. மாமன் வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகாம மணவறை ஏற மாட்டேன்ப்பாங்கறா. நான் பொறுமையாத்தான் சொன்னேன், பெட்ரோல் சரியாகட்டும் கண்ணு, அப்பறம் பாக்கலாம்னு. அதுக்கு ஒரு பார்வை பாத்தா பாருங்க. அம்மாளும் மகளும் அந்தப் பார்வையை எங்க கத்துக்கிட்டாங்கன்னே தெரியலை.

சரி, விஷயத்துக்கு வரேன். என்ற காரு பதினாலு வருஷத்து வண்டி. ஒரே கையி, என்ற கையி. சித்திரை மாசம் ஒருநாள் பவானி போயிட்டுத் திரும்பி வர்றப்ப டேஷ்போர்டுல மஞ்ச லைட் ஒண்ணு எரிஞ்சுது. ஆமை மாதிரி இருக்கும் பாருங்க, அது. பதினாலு வருஷத்துல அந்த ஆமையை நான் பாத்ததே இல்லை. நேரா மெக்கானிக் சகாயத்துகிட்டப் போனேன். நல்ல தொழில்காரன், வாய்தான் கொஞ்சம் கம்மி. ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு ஒயரைச் சொருகிப் பாத்துட்டு, "பி சீரோ ஒன் செவன் ஒன்"னான்.

அப்படின்னா என்னடா சகாயம்னேன்.

"இன்ஜினுக்குள்ள காத்து அதிகமா இருக்கு, பெட்ரோல் பத்தலைன்னு வண்டியோட கம்ப்யூட்டர் சொல்லுதுங்கய்யா. இப்ப வர்ற பெட்ரோல்ல அஞ்சுல ஒரு பங்கு எத்தனால். எத்தனாலுக்குள்ளயே ஆக்சிஜன் இருக்குது. பழைய வண்டிக்கு அது பழக்கமில்லை. இருந்தாலும் கொஞ்சம் கூடுதலா பெட்ரோலை விட்டுச் சமாளிச்சுக்கும். உங்க வண்டியில காத்து போற ரப்பர் ஹோஸ் வேற கீறல் விட்டிருக்குது, அது வழியாவும் காத்தை இழுக்குது. ரெண்டும் சேந்ததுல அதால சமாளிக்க முடியலை. ஹோஸை மாத்திட்டா லைட் அணைஞ்சுருங்க"ன்னான்.

பாத்தீங்களா சார். எவ்வளவு பெரிய விஷயம். நாடு முழுக்க நடக்கற விஷயம். அதைக் கொண்டாந்து ஒரு சாண் ரப்பர் ஹோஸ்ல முடிச்சுட்டான். நான் ஹோஸை மாத்தலை. எப்படி மாத்துவேன்? பெட்ரோல்ல தப்பு இருக்கறப்ப ஹோஸை மாத்தினா, நாமளே தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிறாது?

சகாயத்தை நம்பிப் பிரயோஜனமில்லைன்னு சொந்தமா ஒரு ஸ்கேனர் வாங்கிட்டேன். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். வண்டியில சொருகிட்டா, சகாயம் சொன்னானே அந்த மாதிரி கோடு நம்பர் செல்போன்லயே வரும். அதுல இன்னொரு வசதி, ஒரு பட்டனை அமுக்குனா கோடு அழிஞ்சுரும், ஆமையும் போயிரும். தெனம் வெடியால எந்திரிச்சுக் கோடைப் பாப்பேன், நோட்டுல தேதி போட்டு எழுதுவேன், அழிச்சுருவேன். சகாயத்துகிட்டப் போறதா இருந்தாலும் அழிச்சுட்டுத்தான் போவேன். நாலு பேரு வந்து போற எடம், மஞ்ச லைட் எரிய எரிய எப்படிங்க போயி நிக்கறது? அவன் என்னடான்னா, "ஐயா, அழிச்சுட்டு வந்தா நான் எதைப் பாத்து வேலை செய்யறது?"ங்கறான். நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்டா, படிச்சுக்கன்னேன். நோட்டை வாங்கி மூடி, திருப்பிக் குடுத்துட்டான். அவன் படிச்சது அவ்வளவுதான்.

அப்பறந்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. கோடை மட்டும் பாத்தாப் பத்தாது, பெட்ரோலையே சோதிக்கோணும்னு. நான் யாரு? லேப்ல முப்பத்தோரு வருஷம். ரிடையர் ஆனப்ப ஸ்டாஃப் எல்லாம் சேந்து சால்வை போத்துனாங்க. நான் சால்வை வேண்டாம், அரை லிட்டர் அளவு ஜாடி ஒண்ணு குடுங்கன்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன்.

சோதனை சுலபந்தாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் பதிவுக்காகச் சொல்றேன். ஜாடியில நானூறு மில்லி பெட்ரோல், நூறு மில்லி தண்ணி. வாயை மூடி நல்லாக் குலுக்கி வெச்சா, எத்தனால் பெட்ரோலை விட்டுட்டுத் தண்ணியோட சேந்துக்கும். கால் மணி நேரத்துல கீழ தண்ணி, மேல பெட்ரோல்னு கோடு போட்ட மாதிரி பிரிஞ்சு நிக்கும். நூறுல நின்ன தண்ணி எம்பது மில்லி ஏறி நூத்தியெம்பதுக்கு வந்தா இருபது பர்சென்ட். அதுக்கு மேல போனா ஏமாத்து வேலை.

பெட்ரோலை எங்க எடுத்தேன்னு கேக்கறீங்களா? கேக்கோணும், நல்ல கேள்வி. பங்க்குல போயி வாங்குனா நமக்குன்னு நல்லதாப் பாத்துப் புடிச்சுக் குடுத்துருவான். அதனால என்ற வண்டி டேங்குலருந்தே ட்யூப் விட்டு, அடிமட்டத்துல இருக்கறதை உறிஞ்சி எடுத்தேன். வண்டி எதைக் குடிக்குதோ அதைத்தான சோதிக்கோணும்? செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும், ஒவ்வொரு தடவையும் மூணு ரீடிங். ஒரே ரீடிங்கை வெச்சுப் பேசறவன் விஞ்ஞானம் தெரியாதவன். மூணு எடுத்துச் சராசரி போடோணும்.

முதல் நாள் இருபத்திரெண்டு. சரி, கைத்தப்பா இருக்கும்னு விட்டேன். அடுத்த வாரம் இருபத்தாறு. அதுக்கடுத்தது முப்பத்தொண்ணு. சார், நான் ஒண்ணும் சும்மா சொல்லலை, நோட்டு இருக்குது, பாருங்க, வைகாசி கடைசியில முப்பத்தெட்டு. ஆனி மாசம் நாப்பத்திரெண்டு. வாராவாரம் ஏறுது. இப்படி ஒரு மனுசன் வாரத்துக்கு வாரம் துணிஞ்சு செய்வானா, அதுவும் அக்கா வீட்டுக்காரன் வண்டிக்கு?

நேரா பங்க்குக்குப் போயிட்டேன், ஜாடியோட. நல்ல கூட்டம். நாப்பத்திரெண்டுடான்னு எல்லாரும் கேக்கறாப்புல சொன்னேன். அவன் கோவிச்சுக்கலை. அங்கதான் எனக்குச் சந்தேகம் வலுத்துச்சு. "வாங்க மாமா, உள்ள வாங்க, காபி சாப்புடுங்க"ன்னான். காபி எதுக்குடான்னேன். உடனே அங்க இருந்த ஜாடியை எடுத்து, கண்ணு முன்னாடி பம்புலருந்து புடிச்சு, தண்ணி ஊத்திக் குலுக்கிக் காட்டுனான். சரியா இருபதுல நின்னுச்சு. டென்சிட்டியும் பாத்துக் காட்டுனான், அதுவும் சரி.

அவன் ஜாடி, அவன் பெட்ரோல், அவன் தண்ணி. அதுல வேற என்னங்க வரும்?

கூட்டத்துல ஒருத்தன், "பெரியவரே, உங்க வண்டியில எதாச்சும் பிரச்சனை இருக்கும்"ன்னான். எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. வண்டி அங்கயே நிக்குது, ஆமை எரியலை பாருன்னு காட்டுனேன். வர்றப்பத்தான் அழிச்சுட்டு வந்திருந்தேன்.

அன்னைக்கே உங்க கம்பெனிக்கு முதல் புகார் எழுதிப் போட்டுட்டேன்.

அப்பறம் அந்த நாளு. ஆடி பொறக்கறதுக்கு முன்னாடி நிச்சயம் பண்ணிப்புடலாம்னு கோபியில மாப்பிள்ளை வீட்டுக்குத் தட்டு மாத்தப் போறோம். முன்னாடி நான், பக்கத்துல தெய்வானை, பின்னாடி பட்டுச்சேலையில பிரதீபா, பூ, பழம், தட்டு. பத்து மணிக்கு அங்க இருக்கோணும். கள்ளிப்பட்டி தாண்டி வண்டி இழுக்க ஆரம்பிச்சுது. இருமுது, குலுங்குது, பின்னாடி பழமெல்லாம் உருளுது. ஆமை எரியறதோட நிக்காம மினுக் மினுக்குன்னு வேற மின்னுச்சு. ஓரங்கட்டி ஸ்கேனர் போட்டேன். பி சீரோ த்ரீ சீரோ சீரோ. சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியாம விட்டு விட்டு எரியுதாம். அழிச்சுட்டு ஸ்டார்ட் பண்ணேன். மறுபடியும் அதே கோடு. பதினோரு தடவை அழிச்சேன் சார். பன்னெண்டாவது தடவை ஸ்டார்ட்டே ஆகலை.

நான் குனிஞ்சு நோட்டுல எழுதிட்டிருக்கேன், அதுக்குள்ள தெய்வானை தம்பிக்குப் போன் போட்டுட்டா. அரை மணி நேரத்துல வந்து நின்னுட்டான். பங்க்கை அப்படியே விட்டுட்டு, சட்டை கூட மாத்தாம வந்திருந்தான். எங்களை அவன் வண்டியில ஏத்திக் கொண்டு போயி, சம்பந்திகிட்ட, "மன்னிச்சுக்குங்க, என்னாலதான் லேட்டு"ன்னான்.

என்னாலதான் லேட்டு. கேட்டுக்கங்க சார். இது முதல் ஒப்புதல். தப்புப் பண்ணாதவன் எதுக்கு அரை மணி நேரத்துல அலறிப் புடிச்சு ஓடி வரோணும்?

மறுநாள் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துட்டுப் போயி சகாயம் டேங்கை எறக்குனான். எறக்கிக் கவுத்துனா, ரெண்டு லிட்டர் பாட்டில் நெறையத் தண்ணி. கலங்கலா, பழுப்பா. பெட்ரோல் பம்ப் உள்ள துருப் புடிச்சுக் கெடக்குது. சகாயம் அந்த பாட்டிலைப் பாக்கறான், என்னைப் பாக்கறான். "ஐயா, இவ்வளவு தண்ணி எங்கிருந்துங்க வந்துச்சு? எத்தனால் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்குந்தான், ஆனா பாட்டில் பாட்டிலா இழுக்காதே"ன்னான். எனக்கு அவ்வளவு சந்தோஷம் சார். புரியுதா உங்களுக்கு? மூணு மாசமா நான் ஒருத்தனாத் தொண்டை கிழியக் கத்துனேன். இப்ப ஆதாரம் பாட்டில்ல நிக்குது.

பாட்டிலைத் தூக்கிட்டு பங்க்குக்குப் போனேன். அவன் ஒரு பித்தளைக் குச்சியில பேஸ்ட் தடவி நிலத்துக்கடியில இருக்கற பெரிய டேங்குல விட்டு எடுத்தான். தண்ணி இருந்தா அந்த பேஸ்ட் செவந்துருமாம். செவக்கலை. பேஸ்டும் அவன் பேஸ்ட்தான். அப்பறம் என்னைத் தனியாக் கூட்டிட்டுப் போயி, என்ற கையப் புடிச்சுக்கிட்டு, "மாமா, தப்பு என் மேலதான்னே வெச்சுக்குங்க. யார்கிட்ட வேணும்னாலும் அப்படியே சொல்லுங்க. பிரதீபா கல்யாணம் நல்லபடியா முடியட்டும். அக்கா அழுவறா மாமா"ன்னான். கண்ணுல தண்ணி.

எனக்கே மனசு எளகிருச்சு. தோள்ல தட்டிக் குடுத்தேன். வீட்டுக்கு வந்து ரெண்டாவது கடுதாசி எழுதுனேன், எதிராளி குத்தத்தை ஒத்துக்கிட்டாருன்னு. ரிஜிஸ்டர் தபால். அந்த நாள்லருந்துதான் தெய்வானை பேச்சை நிறுத்திட்டா.

அந்தக் கடுதாசிக்கு அப்பறந்தான நீங்க பம்புக்கு சீல் வெச்சீங்க? பங்க்குப் பக்கம் போனேன், வெறிச்சோடிக் கெடக்குது. வேலை செஞ்ச பொண்ணுக ரெண்டு பேரும் வேப்பமரத்தடியில உக்காந்திருக்குதுக. ஈஸ்வரமூர்த்தி ஆபீஸ் ரூம்ல சும்மா உக்காந்திருந்தான். என்னைப் பாத்ததும் எந்திரிச்சு நின்னான், மரியாதைக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்லை. இந்தப் புகார் உறுதியாச்சுன்னா டீலர்ஷிப்பே போயிருமாமே? சகாயம் சொன்னான். இருபது வருஷமா நடத்தறான், அவனுக்கு வேற தொழிலும் தெரியாது. எனக்கும் சங்கடமாத்தான் இருக்குது. ராத்திரி சோறு எறங்கறதில்லை. ஆனா நான் என்ன பண்ணட்டும்? அளந்தது அளந்ததுதான. நாப்பத்திரெண்டை இருபதுன்னு எழுதச் சொன்னா, முப்பத்தோரு வருஷ சர்வீஸுக்கு என்னங்க அர்த்தம்?

அவ்வளவுதாங்க என்ற வாக்குமூலம். ஒருக்கா படிச்சுக் காட்டுங்க, கையெழுத்துப் போட்டுத் தரேன்.

என்ன தெய்வானை?

பாத்தீங்களா சார், பேசிட்டா. நாப்பது நாள் கழிச்சுப் பேசறா. சத்தமாச் சொல்லு, சாருக்குக் கேக்கட்டும். "அந்த ஜாடியில சோதிச்ச பெட்ரோலை அப்பறம் என்ன பண்ணுவீங்கன்னும் சொல்லுங்க"ங்கறா. எட்டாவது வரைக்குந்தான் படிச்சா, மூளையைப் பாருங்க. நானே விட்டுட்டேன். இதை எழுதாம விட்டா, நாளைக்கு எதிர்த்தரப்புல இந்தாளு ஊரு பெட்ரோலை எல்லாம் சாக்கடையில கொட்டுனாருன்னு ஆரம்பிச்சுருவாங்க.

ஒரு சொட்டுக் கூடக் கொட்டலைங்க. ரீடிங் எடுத்து முடிச்ச உடனே அப்படியே டேங்குலயே ஊத்திருவேன்.

ஆமாங்க, டேங்குலயேதான். மேல நிக்கற பெட்ரோலை மட்டுமாவா? எதுக்குங்க மேல மட்டும்? ஜாடியோட கவுத்துருவேன். கீழ தண்ணியில இருக்கறது என்ன? எத்தனால். அதுவும் நான் பங்க்குல வாங்குனதுதான. அதை எதுக்கு விடோணும்? அதும்போக, அளவு கொறைஞ்சா சாட்சி கொறைஞ்ச மாதிரி.

இது இன்னைக்கு நேத்துப் பழக்கமில்லீங்க. லேப்லயும் அப்படித்தான். பசங்க ஆசிட்டை, உப்புக் கரைசலை எல்லாம் டம்ளர் நெறையப் புடிச்சுட்டுப் போயி, பாதியை மிச்சம் வெச்சுருவானுக. மத்த ஸ்கூல்ல அதைத் தொட்டியில கொட்டிருவாங்க. நான் அவ்வளவையும் அந்தந்த பாட்டில்லயே திருப்பி ஊத்தி வெச்சுருவேன். அரசாங்கச் சொத்து. இதுல என்ன கொடுமைன்னா, எங்க ஸ்கூல்ல பசங்களுக்கு மட்டும் பிராக்டிகல்ல ரிசல்ட்டே சரியா வராது. நீலம் வர வேண்டியது பச்சையா வரும். மருந்து சப்ளை பண்ற கம்பெனிக்காரன் கலப்படம் பண்றான்னு நாந்தான் கண்டுபுடிச்சு எழுதிப் போட்டேன். மூணு கம்பெனியை மாத்த வெச்சேன். நாலாவது கம்பெனி மருந்தும் அதே லட்சணந்தான். எங்க போனாலும் கலப்படம் சார்.

என்னங்க, பேனாவைக் கீழ வெச்சுட்டீங்க? மை தீந்துருச்சா? இந்தாங்க, என்ற பேனா.

எத்தனை தடவை ஊத்துனேனா? கணக்கு நானே சொல்றேன், நீங்க செரமப்படாதீங்க. வாரத்துக்கு ரெண்டு நாளு, நாளுக்கு மூணு ரீடிங், பதினோரு வாரம். அறுபத்தாறு ரீடிங். நூறு மில்லி தண்ணி வீதம் ஆறு லிட்டர் அறுநூறு மில்லி. குழாய்த் தண்ணி இல்லீங்க, கேன் தண்ணி. சோதனைன்னா சுத்தமா இருக்கோணும். ஒருத்தனே உக்காந்து அறுபத்தாறு ரீடிங் எடுக்கறது சும்மா இல்லீங்க. உங்க கம்பெனி லேப்ல கூட எடுத்திருக்க மாட்டாங்க.

எழுதிட்டீங்களா, படிங்க. "சோதனை செய்த பெட்ரோலை, அதில் கலந்த தண்ணீருடன் சேர்த்து, அறுபத்தாறு முறை என் காரின் டேங்கிலேயே ஊற்றினேன்." சரிதான். தண்ணீருடன்ங்கறதை எதுக்கு அழுத்திப் படிக்கறீங்க? சரி, இருக்கட்டும். அதுக்கடுத்த வரி? தெய்வானை என்னமோ சொல்றா. "யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல்"னு சேத்துக்கோணுமாம். சேத்துக்கங்க, சட்டப்படி அதுவும் வேணும். இவ எங்கதான் இதெல்லாம் கத்துக்கிட்டாளோ.

இந்தாங்க, கையெழுத்து. கீழ தேதி.

என்னங்க சிரிக்கறீங்க? சிரிங்க, தப்பில்லை. மூணு மாசமா இழுத்த கேஸு, ஒரே உக்காருல முடிஞ்சுதுன்னா உங்களுக்கும் சந்தோஷமாத்தான இருக்கும். சீலைப் பிரிக்கோணும்னு யாருக்கோ போன்ல சொன்னீங்களே, அது எந்த பங்க்குங்க? சரி சரி, ஆபீஸ் விஷயம், நான் கேக்கலை.

அட, அங்க பாருங்க. தெய்வானை அலமாரியைத் தொறக்கறா. பத்திரிகைக் கட்டைப் பிரிச்சு முதல் பத்திரிகையை எடுத்துட்டா. பிரதீபா தட்டு கொண்டாறா, வெத்தலை, பாக்கு, பழம். ரெண்டும் அழுதுக்கிட்டே சிரிக்குதுக. "கெளம்புங்க, தம்பி வீட்டுக்குப் போயிட்டு வந்துறலாம்"ங்கறா. போலாம், போலாம். கேஸ் நம்ம பக்கம் முடிஞ்சாச்சு, இனி அவனை மன்னிக்கறதுல எனக்கு என்ன கொறைஞ்சு போச்சு? நான் முதல்லருந்தே பெருந்தன்மையா இருக்கோணும்னுதான் நெனச்சேன் சார், நேரந்தான் வரலை. வண்டி சகாயம் கடையில கெடக்குது, உங்க ஜீப்புல அந்த முக்கு வரைக்கும் எறக்கி விட்டுருங்க.

இன்னொண்ணு கேக்கறா சார். நான் கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்துல ஒரு காப்பி அவளுக்கு வேணுமாம். பத்திரிகைக்கு மேல வெச்சு, தம்பி கையில அவளே குடுக்கறாளாம். முப்பது வருஷ சம்சாரத்துல நான் எழுதுன ஒரு காயிதத்தை இவ கேட்டு வாங்கறது இதுதான் முதல் தடவை. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு சார், ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது. ஒண்ணு என்ன, நாலு காப்பி குடுங்க. இருங்க, தமிழ்ல போட்டது அவ்வளவு தெளிவா விழலை, இங்கிலீஷ்லயும் ஒரு கையெழுத்துப் போட்டுத் தரேன்.